பகுதி தெரியாத பின்னம்

பிராகிரஸ் பார் என்பது ஒரு பின்னம். முடிந்த வேலை தொகுதி, மொத்த வேலை பகுதி. கோப்பைத் தரவிறக்கும்போது சர்வர் பெரும்பாலும் அளவை முதலிலேயே சொல்லிவிடும், கணக்கு எளிது. அப்டேட் உண்டா என்று தேடும்போது எத்தனை வரும் என்பதே தேடலின் விடை. விடை வருமுன்பே அதில் 63 சதவீதம் முடிந்ததாகக் காட்டும் திரைகளை நாம்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2013 இறுதியில் அப்டேட் தேடும்போது விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் பட்ட பாடு நினைவிருக்கலாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வந்த ஒவ்வொரு தொகுப்புத் திருத்தமும் முந்தையதற்கு மாற்றாக அதன் இடத்தைப் பிடித்தது. ஆண்டுக்கணக்கில் சங்கிலி நீண்டது. அதைச் சரிபார்க்கும் வேலையோ கண்ணிக்குக் கண்ணி இரட்டித்தது. அப்டேட் சர்வீஸை இயக்கும் எஸ்விசிஹோஸ்ட் என்ற நிரல் செயலியை முழுதாக விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழைய திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் காலாவதியாக்கிய பிறகுதான், 2014 ஜனவரியில், மூச்சு வந்தது.

அங்கே ஒரு நேர்மையான பட்டையை வைத்துப் பார்ப்போம். 40 கண்ணிகள், கண்ணிக்கு 2.5 சதவீதம். 39 முடிந்ததும் பட்டை 97.5-இல் நிற்கும். செயலிக்கோ பாதி வேலை பாக்கி! எண்ணியதில் பிழையே இல்லை. எல்லாக் கண்ணிக்கும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டதில்தான் கோளாறு.

சரி, சதவீதமே வேண்டாம், இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும் பட்டையைப் போட்டுவிடலாம் என்பார்கள். 2016 வாக்கில் விண்டோஸ் 7 வைத்திருந்தவர்கள் அதை மணிக்கணக்கில் பார்த்தவர்கள். அந்த ஓட்டம் இடைமுகத்தின் டைமரில் ஓடுகிறது. பின்னால் சர்வீஸ் செத்துக் கிடந்தாலும் செக்குமாடு சுற்றிக்கொண்டிருக்கும்.

தெரிந்ததைச் சொன்னால் போதும்: எந்தக் கட்டம், இதுவரை எத்தனை ஒப்பிடப்பட்டன, சர்வரிடமிருந்து கடைசிப் பதில் எத்தனை விநாடிக்கு முன் வந்தது. இந்த மூன்றாவது தகவலைக் காட்டுவோர் அரிது. காத்திருக்கலாமா, நிறுத்தலாமா என்று பயனர் முடிவெடுக்க உதவுவது அதுதான்.

பட்டை இருப்பதைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்று கணினி இடைமுக ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985-இலேயே காட்டிவிட்டார். அந்த விருப்பத்தை வைத்துத்தான் நாம் பிழைக்கிறோம். கடிகாரத்தைப் பார்த்து 90 வரை ஏற்றி நிறுத்திவிடும் வரியை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். "இப்ப நல்லா ஸ்பீடா இருக்கு சார்" என்றார் டெஸ்ட் செய்தவர். தேடும் நேரம் ஒரு விநாடிகூடக் குறைந்திருக்கவில்லை. நான் அவரைத் திருத்தவும் இல்லை.