அச்சாணி போன்ற நடிகை

திரைப்படம் பார்த்து வீடு திரும்புகையில் கதாநாயகனையும் கதாநாயகியையும் பற்றியே பெரும்பாலும் பேசிக்கொண்டு வருகிறோம். அப்படத்திலே தாதியாகவும் வேலைக்காரியாகவும் வந்துபோனவள் யாரென்று கேட்பவர் சிலரே. தேரின் அழகைக் காண்போர் அச்சாணியைக் காண்பதில்லையன்றோ? ஹொலிவூட்டின் அத்தகைய அச்சாணி ஒருவரை இவ்வாரம் வாசகர்க்கு அறிமுகஞ் செய்ய விரும்புகிறோம். அவர் தெல்மா றிற்றர்.

1902ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிற் பிறந்த இவ்வம்மையார், இளமையில் நடிப்புப் பயின்று மேடையேறினார். மணமாகி இரு குழந்தைகளுக்குத் தாயானபின் மேடையை விட்டு விலகி, அவர்களை வளர்ப்பதில் ஈடுபட்டார். பின்னர் வானொலியில் நடித்தார். திரையில் முதன்முதல் தோன்றியது 1947இல்; அப்பொழுது அவருக்கு வயது 45!

'34ஆம் வீதியில் ஓர் அற்புதம்' என்னும் அப்படத்தில், நத்தார்க் காலத்திலே மகன் விரும்பிய விளையாட்டுப் பொருளைத் தேடிக் கடைகடையாக அலைந்து களைத்த தாயாக வருகிறார். சிறிது நேரமே வருகிறார். நடிகர் பட்டியலிற் பெயர்கூட இல்லை. எனினும் அத்தாயின் களைப்பு நம் மனத்தை விட்டு அகல்வதில்லை. அதனை அவர் நடிப்புப் பள்ளியிற் கற்றிருக்க முடியாது. தம் வீட்டிலேதான் கற்றிருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1950இல் வெளிவந்த 'ஓல் எபவுட் ஈவ்' படத்தில் ஒரு பெரிய நடிகையின் பணிப்பெண்ணாக நடித்தார். தேனொழுகப் பேசி உள்ளே நுழையும் ஈவ் என்பாளை மற்றையோர் நம்ப, முதலில் ஐயுறுபவள் அப்பணிப்பெண்ணே. 1954இல் ஹிச்கொக்கின் 'ரியர் விண்டோ' படத்தில், கால்முறிந்து வீட்டோடு கிடக்கும் புகைப்படக்காரனுக்குப் புத்திமதியும் கூறிப் பணிவிடையும் செய்யும் தாதியானார்.

ஆயினும் அவருடைய ஆற்றலின் சிகரமாக நாம் கருதுவது 1953இல் வந்த 'பிக்கப் ஒன் சவுத் ஸ்ரீற்' படமே. அதில் அவர் கழுத்துப்பட்டி விற்றும், காவற்றுறைக்குக் காசுக்குத் துப்புச் சொல்லியும் பிழைக்கும் மூதாட்டி. அநாதைப் பிணமாகப் புதைக்கப்படாது நல்லடக்கம் பெறவேண்டும் என்பதற்காகவே காசு சேர்க்கிறாள். காசுக்கு எதையும் சொல்லும் அம்மூதாட்டி, ஓரிரவு கொலைகாரன் துப்பாக்கியுடன் வந்து கேட்டபோது மட்டும் தனக்கு வேண்டிய ஒருவனின் இருப்பிடத்தைச் சொல்ல மறுத்து உயிரை விடுகிறாள். வாழ்ந்து வாழ்ந்து அலுத்த ஓருயிரை அக்காட்சியிலே நாம் காண்கிறோம்.

சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதுக்கு அவர் பெயர் ஆறு முறை முன்மொழியப்பட்டது. அப்பிரிவில் அத்தனை முறை முன்மொழியப்பட்டவர் வேறெவருமிலர். ஆனால் ஒரு முறையேனும் விருது கிட்டவில்லை. மேடை நடிப்புக்கான ரோனி விருதை மட்டும் 1958இல், மற்றொரு நடிகையுடன் பகிர்ந்து பெற்றார். 1969ஆம் ஆண்டு பெப்ரவரியிற் காலமானார்.

குழந்தைகளை வளர்ப்பதிற் கழிந்த ஆண்டுகள் கலைக்கு நட்டமென்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அடுப்படியும் கடைத்தெருவும் கண்ட பெண்ணாதலினாலன்றோ, திரையில் அவர் வந்தவுடனே நம் அயல்வீட்டு அம்மா வந்ததுபோல இருக்கிறது!