பெயரின் ஒளியும் பொருளின் மறைவும்

ஜிந்துப்பிட்டித் தெருவில் இரவில் நின்று வானத்தை நோக்குபவருக்கு மிகச் சில விண்மீன்களே தென்படும். துறைமுகத்தினதும் நகரத்தினதும் விளக்கொளி ஏனையவற்றை மறைத்துவிடுகிறது. துறைமுகத்திலிருந்து எதிரே வரும் கொள்கலன் லொறியின் முன்விளக்குகள் கண்ணைக் கூசச் செய்யும்போது லொறியின் உருவம் புலப்படுவதில்லை. ஒளி பொருளைக் காட்டும், மிகுந்தால் மறைக்கும். குவேசார் ஆராய்ச்சியாளர் எதிர்நோக்கிய சிக்கல் இதுவே. தமிழரின் அறிவியற் பெருமைப் பேச்சைப் பீடித்துள்ள நோயும் இதுவே.

1963இல் மார்ட்டன் சிமித் என்னும் வானியலாளர், 3சி 273 எனப்பட்ட ஒளிப்புள்ளி அண்மையிலுள்ள விண்மீன் அன்று, நெடுந்தொலைவிலுள்ள பொருள் என அதன் நிறமாலையிலிருந்து நிறுவினார். அத்துணைத் தொலைவிலிருந்தும் அது ஒளிர்வதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. விண்மீன் மண்டலமொன்றின் நடுவிலுள்ள பெருங்கருந்துளையை நோக்கி விழும் வாயு வெப்பமுற்று ஒளிர்கின்றது. அவ்வொளி மண்டலத்தின் கோடானுகோடி விண்மீன்களின் ஒளியையும் விஞ்சிவிடுகின்றது. விளக்குத் தெரிந்தது, விளக்கைத் தாங்கிய வீடு தெரியவில்லை.

வீட்டைக் காணச் செந்நிறக்கீழ்க் கதிர்கள் துணைநின்றன. குவேசாரின் ஒளி நீலத்திலும் ஊதாவுக்கு அப்பாலும் ஓங்கியிருக்கிறது. முதிர்ந்த விண்மீன்களின் ஒளியோ செந்நிறத்துக்குக் கீழே மிகுந்திருக்கிறது. இடையிலுள்ள தூசியும் அக்கதிர்களை அதிகம் தடுப்பதில்லை. மிகத் தொலைவிலுள்ள மண்டலங்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. பிரபஞ்சத்தின் விரிவினால் அவற்றின் ஒளி அலைகள் நீண்டு, புறப்பட்டபோது கட்புலனாகும் ஒளியாக இருந்தவை செந்நிறக்கீழ்க் கதிர்களாகவே வந்து சேர்கின்றன. ஜேம்ஸ் வெப் விண்தொலைகாட்டியின் படங்களிலிருந்து குவேசாரின் புள்ளியொளியைக் கணித்துக் கழித்து, பிரபஞ்சத்தின் வயது நூறு கோடி ஆண்டுகளை எட்டாத காலத்துக்குரிய இரு குவேசார்களின் மண்டலங்களை ஆராய்ச்சியாளர் கண்டனர். 2023இல் வெளியான அம்முடிவின்படி, ஒன்றின் விண்மீன்கள் ஏறத்தாழ 13,000 கோடி சூரியத் திணிவும் அதன் கருந்துளை 140 கோடி சூரியத் திணிவும் உடையன.

அதே ஆண்டில் யூஎச்இசட்1 என்னும் மண்டலம் இன்னும் பெரிய வினாவை எழுப்பியது. அதன் விண்மீன்களை ஜேம்ஸ் வெப் செந்நிறக்கீழ்க் கதிரிலும், கருந்துளையின் இருப்பைச் சந்திரா விண்தொலைகாட்டி எக்ஸ் கதிரிலும் காட்டின. அண்மையிலுள்ள மண்டலங்களிற் கருந்துளை விண்மீன்களின் திணிவில் ஆயிரத்தில் ஒரு பங்களவினதே. இங்கோ இரண்டும் ஏறத்தாழ ஒப்பானவை. அப்போது பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகள். இறந்த விண்மீனாகிய சிறு விதையிலிருந்து இவ்வளவு விரைவில் இத்தகைய கருந்துளை வளர முடியுமா? பெரும் வாயுத்திரள் நேரடியாகச் சரிந்து பெருவிதையாகவே தோன்றியிருக்க வேண்டும் என்பது கோயம்புத்தூரிற் பிறந்த பிரியம்வதா நடராஜன் முதலானோர் ஆண்டுக்கணக்காக முன்வைத்துவரும் விளக்கம். சிறு விதையே மிகுவிரைவில் வளர்ந்திருக்கலாம் என்பாரும் உளர். விவாதம் ஓயவில்லை.

இங்கேதான் பெருமை பேசுவோர் இடைபுகுகின்றனர். தொலைகாட்டியின் பெயர் தமிழர் சந்திரசேகருடையது; கோட்பாட்டாளர் கோவையிற் பிறந்தவர்; ஆகவே இது தமிழரின் வெற்றி என்று முழங்கி, மாலை சூட்டி அமர்ந்துவிடுகின்றனர். பெருவிதை யாது, சிறுவிதை யாது, எது சரியென எவ்வாறு அறிவது என்று வினவினால் விடையில்லை. பெயர் என்னும் முன்விளக்கு கண்ணைப் பறிக்கப் பொருள் என்னும் வண்டி காணாமற் போகின்றது. பிறப்பிடத்தைக் கொண்டாடுவதற்குப் பௌதிகவியல் வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ் போதும்.

இவர்களுக்கு எதிரணியில் நிற்போர், வறிய நாட்டில் இதற்குக் கருவியேது என்பர். தமிழில் இவற்றைக் கூற இயலாது என்பர். கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில், யப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இவ்வாய்வுக்குப் போதாது என்பது உண்மையே. ஆனால் ஜேம்ஸ் வெப்பின் தரவுகளுட் சில உடனடியாகவும், ஏனையவை பெரும்பாலும் ஓராண்டினுள்ளும் உலகுக்குத் திறந்துவிடப்படுகின்றன. ஜிந்துப்பிட்டியின் சிற்றறையொன்றிலிருக்கும் மாணவரும் அவற்றைப் பெறலாம். குறைவது கருவியன்று, கற்பிப்போரின் முனைப்பே.

மொழி பற்றிய வாதமும் நில்லாது. உயர்தரம் வரை பௌதிகவியலைத் தமிழிற் கற்றவர் பல்கலைக்கழக வாயிலைக் கடந்ததும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. அன்றோடு அவருடைய தமிழ் அறிவியல் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதனை வளர்க்கும் பொறுப்பு எவருடையது? ஈழத்துப் பாடநூல் "செந்நிறக்கீழ்" என்பதைத் தமிழகத்து நூல் "அகச்சிவப்பு" என்கிறது. இரண்டும் ஒன்றே என மாணவருக்கு உணர்த்தவும் ஆளில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். அன்று இயன்றது இன்று இயலாதெனின் இயலாமை மொழியினுடையதன்று.

எனவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் ஆண்டுமலர்களில் வாழ்த்துரைகளையும் புகழ்மாலைகளையும் குறைத்து, இத்தகைய பொருளொன்றையேனும் ஆண்டுதோறும் முழுமையாக விளக்குதல் வேண்டும். விரிவுரையாளர் கலைச்சொற்களை இரு கரையினருக்கும் பொதுவாக்கித் தருதல் வேண்டும். மாணவர் திறந்த தரவுகளில் ஒரு குவேசாரையாவது எடுத்து, அதன் ஒளியைக் கழித்து, எஞ்சுவதைத் தமிழில் எழுதுதல் வேண்டும். அதனைச் செய்யாதவரை சந்திரசேகரின் பெயரை மேடையில் உரத்துக் கூறுவதற்குத் தமிழ்ச் சங்கங்களுக்கு உரிமை குறைவே.