1 வெள்ளி 20 சென்

2018இல் நீக்கப்பட்ட ஜிஎஸ்டி நடப்பில் இருந்த காலம் அது. அம்மாவின் பிறந்தநாளுக்கு மலாக்கா டவுனில் ஓர் உணவகத்துக்குப் போனோம். சாப்பாடு 120 வெள்ளி, கழிவு 20 வெள்ளி. பில்லில் ஜிஎஸ்டி 7.92.

"120க்கு 6 விழுக்காடுன்னா 7.20 தானே?" என்றார் அம்மா. ஜாசின் தோட்டத்தில் கிராணி பால் நிறுக்கையில் தராசை விட்டு நகராத கண்.

"சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அந்த 12 வெள்ளிக்கும் வரி உண்டும்மா. மொத்தம் 132க்கு" என்றேன். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததிலிருந்து வானொலியில் இதைத்தானே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்!

"சரி, அந்த 20 வெள்ளிய எங்க கழிச்சாங்க?"

பார்த்தேன். வரி போட்ட பிறகு, கடைசியில். நான் கவனிக்கவே இல்லை. பில் போடும்போதே தரும் கழிவை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சும் தொகைக்குத்தான் ஜிஎஸ்டி போட வேண்டியிருந்தது. 132இல் 20 போனால் 112. அதற்கு வரி 6.72.

கணினியில் அப்படித்தான் வருகிறதாம். காசாளர் பெண் மேனேஜரை அழைத்தார். "விடுங்க பாட்டி" என்றார்கள் பிள்ளைகள். எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். அம்மா அசையவில்லை.

1 வெள்ளி 20 சென் திரும்பி வந்தது. புதிய பில்லையும் ஒருமுறை கூட்டிப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.