நிலமகளும் பூசைக்காரரும்

ஞாலம் ஓர் உயிர் என்று ஆங்கில அறிவியலறிஞர் சேம்சு இலவுலாக்கு கூறினாலும் கூறினார். "எங்கள் வேதம் அன்றே சொன்ன பூமாதேவி இவளே" என்று வடமொழி அடியார் மேடைதோறும் முழங்கத் தலைப்பட்டுவிட்டனர்!

அவர் கூறியது யாது? உயிரினங்களும் காற்றும் கடலும் பாறையும் ஒன்றையொன்று மாற்றி, தம்மைத் தாமே நெறிப்படுத்தும் ஒரே கட்டமைப்பு என்பதே. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு உயிர்வளி நிலைத்திருப்பது மரஞ்செடிகளும் கடற்பாசிகளும் ஓயாது உழைப்பதனால். அவை ஓய்ந்தால், அவ்வளி பாறையிலுள்ள இரும்போடு கூடிக் காலப்போக்கிற் குன்றிவிடும். இதில் தேவி எங்கே, மந்திரம் எங்கே? 'கையா' என்னும் கிரேக்கப் பெயர்கூட அதே சிற்றூரில் வாழ்ந்த புதின ஆசிரியர் வில்லியம் கோல்டிங்கு சூட்டியது. அப்பெயரே வினையாயிற்று. ஞாலத்திற்கு நோக்கமுண்டோ என்று உயிரியலார் எள்ளினர். நோக்கம் ஏதுமின்றியே வெள்ளைப்பூவும் கரும்பூவும் ஒரு கோளின் வெப்பத்தைச் சீராக வைக்கக்கூடும் என்று 1983இல் அவர் ஆண்டுரூ வாட்சனோடு கணக்கிட்டுக் காட்டினார்.

வள்ளுவரும் நிலத்தைப் பெண்ணாகவே கண்டார். பாலூற்றவா? இல்லாமை பேசிச் சோம்பியிருப்பாரைக் கண்டு அவள் நகைப்பாள் என்றன்றோ 1040ஆம் குறளில் வைத்தார்! உழைப்பாளி கண்ட நிலமகள் அவள். ஞாலம், வையம், நிலம் என்னும் சொற்களையே மறந்து 'பூமாதேவி' என்று கைகூப்பும் தமிழனுக்கு இவ்வேறுபாடு எங்ஙனம் விளங்கும்?

2023 சூலையில், கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்தின் பொருட்டு வாய்க்கால் வெட்ட, பயிர் நின்ற நெல்வயலில் மண்தோண்டும் பொறிகள் இறங்கின. தேவியின் அடியார் அன்று எந்த மேடையில் இருந்தனர்? அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 உருபா தரச் சென்னை உயர்நயன்மன்றம் பணித்தது. வயல் வாய்க்காலாயிற்று.