தீவுப் பயணமும் காப்பீடும்

 

விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று புறப்பட்ட காலம் போய், சம்பாதிக்கும் பிள்ளைகள் தம் பெற்றோரை மாலத்தீவுக்கு அழைத்துச் செல்லும் காலம் வந்திருக்கிறது. முஸ்லிம் நாடு, ஐவேளையும் பாங்கொலி கேட்கும் ஊர்கள், மக்கள் வாழும் தீவுகளில் உணவைப் பற்றிய ஐயமும் இல்லை. மகிழ்ச்சிக்குரிய செய்திதான்.

இத்தகைய பயணத்திற்கு ஆயத்தமாகும் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அவருடைய தாயாருக்கு அறுபத்தைந்து வயது. சர்க்கரை நோய் உண்டு. பயணக் காப்பீடு எடுப்பது மார்க்கத்திற்கு உகந்ததா, எடுப்பதானால் எதைப் பார்த்து எடுப்பது என்பன அவருடைய கேள்விகள். கூடவே, "நோயைக் குறிப்பிட்டால் பிரிமியம் கூடும், எழுதாமல் விட்டுவிடுங்கள் என்கிறார் முகவர்" என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் கடைசி வரிதான் இம்மடலை எழுதத் தூண்டியது.

முதலில் அந்நாட்டின் அமைப்பை அறிந்துகொள்வோம். மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை 200 அளவிலேயே. தெற்கு முனையிலுள்ள அத்துத் திட்டு, தலைநகர் மாலேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகள் மாலே பகுதியில்தான் உள்ளன. விடுதித் தீவில் மருத்துவர் ஒருவர் இருக்கலாம். அறுவைச் சிகிச்சைக் கூடம் இராது. நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே கடல் கிடக்கிறது. விரைவுப் படகு வேண்டும். தொலைவாயின் விமானம் வேண்டும். கடல் விமானங்களோ பகலில் மட்டுமே பறப்பவை. அந்நாட்டுக் குடிமக்களுக்கு 'ஆஸந்தா' எனும் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. விருந்தினராகச் செல்லும் நமக்கு அது பொருந்தாது.

இப்னு பதூதா 1343-இல் இத்தீவுகளுக்கு வந்து காஜியாகப் பணியாற்றினார். பின்னர் இலங்கை சென்று, அங்கிருந்து நம் மஅபர் கரையை நெருங்கியபோது அவர் வந்த கப்பல் சேதமுற்றது. கரையிலிருந்து வந்தோர் அவரைக் காப்பாற்றினர்; மதுரைச் சுல்தானின் ஆதரவும் கிட்டியது. அன்று பயணிக்குக் காப்பு, சென்ற இடத்து மக்களின் விருந்தோம்பல். இன்றைய பயணிக்கோ மருத்துவமனையில் முன்பணம் கட்டியாக வேண்டிய நிலை.

இனி மார்க்கத்தின் பார்வை. அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தபோது தம்மிடம் இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொண்டதை நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி ஹதீஸ்களில் வந்துள்ளது. துன்பத்தைப் பங்கிட்டுக் கொள்வது நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. ஆயினும், இலாப நோக்கில் நடத்தப்படும் வணிகக் காப்பீட்டில் நிச்சயமற்ற தன்மை மிகுந்திருப்பதால் அது கூடாது என்றும், கூட்டுறவு முறையிலான காப்பீடு கூடும் என்றும் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985-இல் தீர்மானித்தது. இக்கூட்டுறவு முறைக்கே 'தகாஃபுல்' என்று பெயர். உறுப்பினர் செலுத்தும் தொகை நன்கொடையாகப் பொது நிதியில் சேர்கிறது. இடர்ப்பட்டவருக்கு அந்நிதியிலிருந்து உதவி கிடைக்கிறது. மலேசியா 1984-இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. இலங்கையிலும் தகாஃபுல் நிறுவனம் இயங்குகிறது. அந்நாடுகளில் வாழும் வாசகர்கள் முதலில் அதனையே விசாரிப்பார்களாக.

இந்தியாவிலுள்ளோருக்கு அவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. வேறு வழியில்லாத இடத்தில் வணிகக் காப்பீட்டைத் தேவையின் அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று கூறும் ஆலிம்களும் உண்டு; ஏற்காதோரும் உண்டு. உங்கள் நிலையை எடுத்துரைத்து, நீங்கள் நம்பும் ஆலிமிடம் தெளிவு பெறுங்கள். காப்பீடு எடுப்பதில்லை என்று முடிவு செய்தால், அவசரச் செலவுக்கான தொகையை ஒதுக்கிவைத்த பின்னரே புறப்படுங்கள். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாமறிந்த நபிவழியல்லவா?

எடுப்பதென்று முடிவாகிவிட்டால், பாலிசியைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரத் தொகை. 'இவற்றுக்குப் பொருந்தாது' என்ற பட்டியல் பின்னால்தான் இருக்கும். கவனிக்க வேண்டியவை இவை:

முதலாவது, அவசரகால இடமாற்றச் செலவு. தீவிலிருந்து மாலேக்கும், தேவைப்பட்டால் தாயகத்திற்கும் நோயாளியைக் கொண்டு செல்லும் செலவு ஏற்கப்படுகிறதா? எந்த வரம்பு வரை? தீவுப் பயணத்திற்கு இதுவே உயிர்நாடி.

இரண்டாவது, உள்வரம்புகள். மொத்தத் தொகை பெரிதாக இருக்கும். அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று உள்ளே சுருக்கியிருப்பார்கள். முதியோருக்கான பாலிசிகளில் இது மிகுதி. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதற்பகுதியாக நாமே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் கேட்டறியுங்கள்.

மூன்றாவது, கடல் விளையாட்டுகள். ஆழ்கடல் முக்குளிப்பைச் சில பாலிசிகள் அறவே ஒதுக்கும்; சில, பயிற்சிச் சான்றிதழும் ஆழ வரம்பும் விதிக்கும். மாலத்தீவில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்குச் சட்ட வரம்பு 30 மீட்டர். முக்குளித்த உடனே விமானம் ஏறுவது உயிருக்கே ஆபத்து. ஒரு நாளேனும் இடைவெளி விடுவது நலம். பிள்ளைகள் கடலில் இறங்குவார்களானால் இப்பகுதியை அவசியம் படியுங்கள்.

நான்காவது, தாமதமும் உடைமையும். பருவமழைக் காலத்தில் படகும் விமானமும் தாமதமாகலாம். எத்தனை மணி நேரத் தாமதத்திற்குப் பின் இழப்பீடு கிடைக்கும் என்று பாருங்கள். பெட்டி வந்துசேராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்துமூலம் புகார் பதிந்து நகல் பெறுங்கள்.

ஐந்தாவது, சொல்லத் தயங்கினாலும் சொல்ல வேண்டியது. மௌத்து எங்கே என்பதை அல்லாஹ்வே அறிவான். பாலிசியில் உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவு மட்டும் உள்ளதா, அங்கேயே நல்லடக்கம் செய்யும் செலவும் உள்ளதா என்று பாருங்கள். ஜனாஸாவைத் தாமதிக்காது அடக்குவதே சிறப்பு. குடும்பத்தாரின் விருப்பத்தை முன்கூட்டியே பேசி வைப்பது, பின்னர் வரக்கூடிய மனக்கசப்பைத் தவிர்க்கும்.

இனி, முகவர் சொன்ன யோசனைக்கு வருவோம். சகோதரி! அதனை ஏற்காதீர்கள். விற்கும் பொருளின் குறையை மறைப்பதைக் கண்டித்த மார்க்கம் நம்முடையது. ஒப்பந்தப் படிவத்தில் நோயை மறைப்பதும் அவ்வகையே. உலகியல் நோக்கில் பார்த்தாலும் அதனால் நட்டமே. மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே மருத்துவர் பழைய நோய்களைக் கேட்டு ஏட்டில் எழுதுவார். அந்த ஏடு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குச் செல்லும். மறைத்தது வெளிப்பட்டால் கோரிக்கை முழுவதும் மறுக்கப்படலாம். கொஞ்சம் பிரிமியத்தை மிச்சப்படுத்தப் போய், தாயாரைக் காப்பின்றி நிறுத்தியவராவீர்கள். முகவர் அப்போது உடனிருக்க மாட்டார்; கையொப்பம் உங்களுடையது.

ஆகவே உண்மையை எழுதுங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்குப் பல பாலிசிகள் உதவுவதில்லை. சில, உயிராபத்தான நிலையில் மட்டும் வரம்புக்குட்பட்டு உதவும். அத்தகையதை விசாரித்து, பதிலை எழுத்தில் பெறுங்கள். கூடுதல் பிரிமியம் கேட்டால் கொடுங்கள். இல்லையேல், வசதியுள்ள மருத்துவமனைக்கு அருகிலுள்ள தீவைத் தேர்ந்தெடுங்கள்.

புறப்படுமுன் பாலிசி எண்ணையும், இருபத்துநான்கு மணி நேர உதவித் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். மருத்துவமனையில் சேர்ந்ததும் முதலில் அந்த எண்ணுக்குத் தெரிவியுங்கள். தாயாரின் மருந்துகளை மருத்துவச் சீட்டுடன் கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள். இரசீதுகள் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள்.

பயணத்திற்குரிய துஆவை ஓதிப் புறப்படுங்கள். வல்ல அல்லாஹ் உங்கள் தாயாரை நலமுடன் அழைத்துச் சென்று, நலமுடன் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.