ஒரு தப்பு, 52 தடவை!



சுவர் காலண்டரில் பேனாவால் தப்பா எழுதினால் ஒரு நாள்தான் கெடும். செல்போன் காலண்டரில் 'வாரா வாரம்' என்று தப்பா போட்டால், வருஷத்துக்கு 52 தடவை அதே தப்பு வரும். "போன் தெரியாதவங்க செய்யற தப்பு" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தப்பு நடக்க விடாமல் காலண்டரை அமைப்பதும் அதைச் செய்கிறவர்களின் வேலைதான்.

பாருங்களேன். மாசக் கடைசியில் பால் காசு கொடுக்கணும் என்று ஒருவர் 31-ஆம் தேதியில் 'மாதா மாதம்' போடுகிறார். பல காலண்டர்கள் பின்பற்றும் ஐகாலண்டர் விதிப்படி, இல்லாத தேதியைத் தாண்டிப் போய்விடும். 31 தேதி உள்ள மாதங்கள் 7 தானே! மீதி 5 மாதம் போன் வாயே திறக்காது.

இரண்டாம் சனிக்கிழமையும் அப்படித்தான். 2025-ல் பிப்ரவரி 8, மார்ச் 8 என்று வந்தது. 'மாதா மாதம் 8' என்று போட்டவருக்கு ஏப்ரலில் செவ்வாய்க்கிழமை வந்து நின்றது. சரியான நாள் ஏப்ரல் 12!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மருந்து விஷயம்? மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. போனில் 'தினமும்', 'வாரந்தோறும்' இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரி. விரல் ஒரு வரி தள்ளிப் பட்டால் என்ன ஆகும்?

கூகுள் காலண்டரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சியை மாற்றினால், "இது மட்டுமா, இதுவும் இனி வருவதுமா, எல்லாமா?" என்று கேட்கும். மாற்றும்போது கேட்கத் தெரிகிறது, முதலில் போடும்போது கேட்டால் என்ன? 'சேமி' என்று அழுத்துவதற்கு முன்னால் அடுத்த 5 தேதிகளைக் கிழமையோடு, நம்ம தமிழில் காட்டணும். "எதுவரைக்கும்?" என்றும் கேட்கணும். முடிவு தேதி இல்லாத ஸ்பெஷல் கிளாஸ், முழு ஆண்டு லீவிலும் காலை 7 மணிக்குக் கத்தும். சும்மா சும்மா கத்துகிற போனை அப்புறம் யாரும் மதிக்க மாட்டாங்க. உண்மையான மாத்திரை வேளையும் அதோடு போய்விடும்.

அதுவரை? நம்ம வீட்டில் தாத்தா, பாட்டிக்கு இதையெல்லாம் போட்டுத் தருவது பெரும்பாலும் நாமதான். போட்டதும் போனைக் கொடுத்துவிட்டு ஓடாதீங்க. டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வையுங்க. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப் பார்த்து, தேதிகளை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்க. "இல்லடா, அது வாரத்துக்கு ஒண்ணுதான்" என்று அவங்களே சொல்லிடுவாங்க.

அரை நிமிஷ வேலைதான் நண்பர்களே. வருமுன் காப்போம்!



– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி