பின் பொருந்தியது, மாட்டினேன்

பி.காம். படித்தவனுக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். ரீடிங் எடுக்க ஆள் வந்தால் மீட்டர் அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். இந்த ஞானத்தோடு போன ஐப்பசியில் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் வியாபாரிக்குக் கணக்கு எழுதுகிறேன். பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார். ஆறு வருஷக் கணக்கையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, மேலே 'பேக்கப்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஆயுத பூஜைக்குக் குங்குமமும் வைத்தேன். கம்ப்யூட்டர் எடைக்குப் போய்விட்டது.

தேனியில் என் வீட்டு மேஜையில் ஒரு ராத்திரி, டிஸ்க் அடாப்டர் என்று நினைத்து லேப்டாப் அடாப்டரை மாட்டிவிட்டேன். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் உருண்டைப் பின். ஜாதகம் மாதிரி அப்படியொரு பொருத்தம்! டிஸ்க்குக்கு வேண்டியது 12 வோல்ட். நான் கொடுத்தது 19. 'டக்' என்று ஒரு சத்தம், ஊதுபத்தி போல ஒரு இழைப் புகை. வாசனைதான் ஊதுபத்தி மாதிரி இல்லை.

அப்புறம் சரியான அடாப்டரை மாட்டினால், அடாப்டரில் எரியும் பச்சை விளக்கே அணைந்துவிடுகிறது. பிடுங்கினால் எரிகிறது.

காலையில் போடியிலிருந்து போன். "தம்பி, குரங்கணியில இருந்து நம்ம ஆளு வந்திருக்காரு. போன வருஷம் போட்ட காய்க்கு மிச்சம் எவ்வளவுன்னு கேக்குறாரு. சீட்டு மழையில நனைஞ்சு போச்சாம். கணக்கைப் பாத்துச் சொல்லுப்பா, குடுத்துரலாம்."

"நாளைக்குச் சொல்றேண்ணே" என்றேன். குரங்கணிக்காரரின் பணத்துக்கு உலகத்தில் ஒரே சாட்சி, குங்குமம் வைத்த அந்தப் பெட்டி.

ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைக்கச் சொன்னார் மச்சினர். பக்கத்து வீட்டுப் பையன் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டான், மூடியைத் திறந்து பார்க்கலாமாம். இரண்டையும் செய்யாதது என் முன்னோர் புண்ணியம். குளிர வைத்தால் உள்ளே ஈரம் கோக்கும். மூடி இன்னும் மோசம். தட்டுக்கு மேல் படிக்கும் முனை, தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் பறக்கிறது. அதற்கு ஒரு தூசி என்பது மேற்குத் தொடர்ச்சி மலை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு சர்வீஸ் கடை. கடைக்காரப் பையன் முதலில் கேட்டது: "டக் டக்னு சத்தம் வருதாண்ணே?"

"பொணம் மாதிரிக் கெடக்குப்பா."

"அப்ப நல்லது."

சத்தம் வந்தால் முனை போயிருக்கும். தூசி புகாத அறை வைத்திருக்கும் பெரிய ஊர் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டுமாம். மூச்சே இல்லையென்றால் பெரும்பாலும் கோளாறு வெளியே இருக்கும் போர்டில்தான்.

டப்பாவிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தான். 'பீப்'. "டிவிஎஸ் டயோடு போயிருச்சுண்ணே." நமக்கு டிவிஎஸ் என்றால் மொபெட். இது வேறு. திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு சாகிற காவல்காரன். ஆள் வாசலிலேயே விழுந்து கிடப்பதால் கரண்ட் முழுக்க அவன் வழியாகவே ஓடிவிடுகிறது. வீட்டுக்குள் போவதில்லை.

"இதே மாடல் டிஸ்க் வாங்கிப் போர்டை மாத்திரலாமே?" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

"அது அந்தக் காலம்ணே. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சொந்த அளவு தனி. அது போர்டில ஒரு எட்டுக்கால் சிப்ல இருக்கு. அதையும் பேத்து மாத்தணும். இல்லேன்னா அடுத்தவர் கண்ணாடியை மாட்டிப் படிக்கிற கதைதான்."

அவன் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணும்போது எனக்குக் கல்பனா சாவ்லா ஞாபகம். 2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறி ஏழு பேரும் போனார்கள். இடிபாடுகளில் கருகிய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் ஆன்ட்ராக் கம்பெனி இன்ஜினீயர்கள் தட்டைத் துடைத்து, வேறொரு டிரைவில் பொருத்தி, உள்ளே இருந்ததில் பெரும்பகுதியை மீட்டார்கள். செனான் வாயுவை வைத்துச் செய்த அந்தச் சோதனையின் முடிவு 2008-ல் வெளிவந்தது. விண்ணிலிருந்து விழுந்ததே பிழைத்திருக்கிறது. நம்முடையது மேஜையை விட்டு இறங்கவே இல்லையே!

டயோடை எடுத்துவிட்டு மாட்டினான். 'உய்ய்ங்' என்று சுற்றத் தொடங்கியது பாருங்கள், என் பெண் பிறந்தபோது கேட்ட அழுகைக்கு அடுத்த இனிய சத்தம் அதுதான்.

"காவல் இல்லாத வீடுண்ணே. காப்பி எடுத்ததும் இதைத் தூக்கிப் போட்டுரணும்."

மூன்று மணி நேரம் காப்பி ஓடியது. குரங்கணிக்காரருக்கு மிச்சம் 18,450 ரூபாய். போடிக்குப் போன் பண்ணி, தொகையோடு நடந்ததையும் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தம்பி, அந்தக் காலத்துல எங்கப்பா நோட்டுலதான் எழுதுனாரு. அதுக்கு அடாப்டர் கெடையாது" என்றார்.

கூலி முந்நூறு. "ஒண்ணும் புதுசா மாட்டலையேப்பா?"

"கழட்டுனதுக்குத்தாண்ணே காசு."

இப்போது கணக்கு மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று போடி இரும்புப் பெட்டியில். இரண்டு அடாப்டரிலும் 12, 19 என்று நெயில் பாலிஷில் எழுதிக் கொடுத்தாள் என் மனைவி. பாட்டில் காலியாம். புதுசு கேட்கிறாள்.